துணை எது? தலையீடு எது?

பிறர்க்கு உதவுதல் அறம் என்பதில் நம்முள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், உதவி என்னும் பெயரால் ஒருவருடைய பொறுப்பையே நாம் எடுத்துக்கொண்டால் அதுவும் அறமாகுமா? தலைமைப் பதவி ஏற்ற மகளிர்க்கு நேர்வனவற்றைக் காணுந்தோறும் இவ்வினா எழுகின்றது.

73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழகத்தில் 1996இல் நடந்த ஊராட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் மகளிர்க்கு ஒதுக்கப்பட்டன. 2016இல் அது பாதியாக உயர்ந்தது. நம் நல்லூர் ஒன்றியத்துச் சிற்றூர்களும் இதற்கு விலக்கல்ல.

அவர்கட்கு நேரும் இடையூறுகளுள் சில வெளிப்படையானவை. நம் கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி, மற்றவர்கள் நாற்காலியில் வீற்றிருக்கத் தாம் தரையில் அமர்ந்திருந்த படம் 2020 அக்டோபரில் வெளிவந்தது. அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். இது கொடுமை என உணர நுண்ணறிவு வேண்டுவதில்லை. கேட்கச் சட்டமும் உண்டு.

அன்பின் வடிவில் வரும் இடையூற்றை யார் கேட்பது? “அவளுக்கு என்ன தெரியும், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று கணவரோ மைந்தரோ அலுவலகத்தில் அமர்ந்துவிடுகின்றார். ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கையொப்பமிடுதல் வேண்டும். கையொப்பம் மட்டும் மனைவியுடையது; யாருக்கு, எதற்கு என்பது கணவர்க்கே தெரியும். தணிக்கையில் குறை கண்டால் விடை கூற வேண்டியவரோ அப்பெண்மணி! அறியாத செயலுக்குப் பொறுப்பேற்க ஒருவரை வைப்பதை உதவி என்று எவ்வாறு கூறுவது?

தொடக்கத்தில் கணக்கு வழக்குத் தெரியாதவர்க்குக் கணவர் துணை நின்றால் என்ன தவறு எனச் சிலர் வினவுவர். ஞாயமான வினாவே. ஆசிரியர் பயிற்சியில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்னும் முறையில் ஒன்று கூறுவேன். கற்பித்தல் பயிற்சிக்கு வரும் பெண் முதல் நாள் தடுமாறுவாள். பின்னிருக்கையில் உள்ள மேற்பார்வையாளர் எழுந்து சென்று சுண்ணக்கட்டியை வாங்கிக்கொண்டால் அன்றைய பாடம் செவ்வனே முடியும். ஆனால், அதன்பின் அவ்வகுப்புப் பிள்ளைகள் அவளை ஆசிரியையாக மதிப்பதில்லை. கண்ட குறையைக் குறிப்பேட்டில் எழுதி வைத்து, வகுப்பு முடிந்தபின் தனியே சொல்லுதலே முறை. (வாய் திறவாது பின்னிருக்கையில் அமர்ந்திருப்பது கற்பிப்பதினும் கடினம் என்பதை அனுபவித்தவர் அறிவர்.)

திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம், 2020 ஆகஸ்டு 15 அன்று கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். சில நாள்களில் மாவட்ட ஆட்சியர் அவ்வூர்க்கு வந்தார். தாமே கொடியேற்றிச் சென்றிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், உடன் நின்று அமிர்தம் அவர்களைக் கொண்டே ஏற்றுவித்தார். துணை என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

தாமே முடிவெடுக்கும் பெண்ணால் ஊர்க்கு என்ன பயன் என்பதையும் ஆராய்ந்துள்ளனர். ராகவேந்திர சட்டோபாத்யாய, எஸ்தர் டுஃப்லோ ஆகிய இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீர்க்கு மிகுதியாகச் செலவிடப்பட்டது தெரிய வந்தது. குடம் சுமந்தவர்க்கன்றோ தண்ணீரின் அருமை தெரியும்!

ஊராட்சியில் மட்டுமா இந்நிலை? நம் இல்லங்களிலும் தலைமையாசிரியையாக, வங்கி மேலாளராக விளங்கும் மருமக்கள் உள்ளனர். அவர்தம் அலுவலகச் சிக்கலைத் தீர்க்க மாமனாரோ கணவரோ மேலதிகாரியிடம் பேசப் போக வேண்டுவதில்லை. மாலைக் கூட்டம் உள்ள நாளில் அடுப்படியையும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் ஏற்றுக்கொள்ளட்டும். அவர் திரும்பி வந்து நடந்ததைக் கூறும்போது, குறுக்கிடாமல் இறுதிவரை கேட்கட்டும்.