பச்சைமலைச் சரளையில் கார்னேஷனின் உறவு

கல்யாண மேடை அலங்காரத்தில் கார்னேஷன் பூவைப் பார்க்காதவர்கள் இன்று குறைவு. நீலகிரியின் பசுமைக்குடில்களிலிருந்து கட்டுக்கட்டாக வருகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த காட்டுச் செடி ஒன்று பச்சைமலை போன்ற நம் கிழக்கு மலைகளின் சரளைச் சரிவுகளில் ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும். பாலிகார்ப்பியா கோரிம்போசா என்பது அதன் பெயர். பார்த்தவுடன் கார்னேஷன் ஞாபகம் யாருக்கும் வராது. வெள்ளி நிறத்தில், காய்ந்தது போன்ற சிறு பூக்கொத்து; தொட்டால் காகிதம் போல் சரசரக்கும்.

மழை ஓய்ந்த நாட்களில் மலையாளப்பட்டி வழியாகப் பச்சைமலை ஏறுகிறவர் இதைச் சிறுபூளை என்றோ பண்ணைக்கீரை என்றோ நினைத்துக் கடந்துவிடுவார். அவர்மேல் குற்றமில்லை. 1753இல் லின்னேயஸே இதை நாயுருவியின் பேரினத்தில் சேர்த்து அகிராந்தஸ் கோரிம்போசா என்று எழுதினார். அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் லமார்க் இதை இன்றைய பேரினத்துக்கு மாற்றினார்.

குழப்பத்தைத் தீர்க்க, பூவை விட்டுவிட்டுக் கணுவிலிருந்து தொடங்க வேண்டும். ஊசி போன்ற மெல்லிய இலைகள் கணுவைச் சுற்றிக் கொத்தாக நிற்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸை அங்கே வைத்தால், இலைகளின் அடியில் கண்ணாடித் தாள் போன்ற வெள்ளிச் செதில்கள் தெரியும். இவை இலையடிச் செதில்கள். சிறுபூளைக்கும் பண்ணைக்கீரைக்கும் நாயுருவிக்கும் இவை கிடையாது. பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது.

அடுத்தது பூ. நாம் பூவிதழ் என்று நினைக்கும் வெள்ளிச் சவ்வுகள் ஐந்தும் உண்மையில் புல்லி இதழ்கள். நீளம் சுமார் மூன்று மில்லிமீட்டர். ஊசி முனையால் ஒன்றை மெல்ல விலக்கினால், உள்ளே அதில் பாதி அளவுகூட இல்லாத ஐந்து அல்லி இதழ்கள் இருக்கும். சிறுபூளையும் பண்ணைக்கீரையும் நாயுருவியும் அடங்கிய கீரைக் குடும்பத்துப் பூக்களில் இந்த இரண்டாம் அடுக்கே இல்லை. அங்கே ஒரே அடுக்குதான். கடைசியாகக் காய். பாலிகார்ப்பியாவின் காய் மூன்றாக வெடித்துப் பல விதைகளைக் கொட்டும். சிறுபூளையின் பூவுக்குள் ஒரே ஒரு விதைதான். பண்ணைக்கீரைக் காயில் பல விதைகள் உண்டு என்பதால் காயை மட்டும் நம்பி முடிவுகட்டக் கூடாது. மூன்று அடையாளங்களும் ஒத்துப்போக வேண்டும்.

வேதியியலும் இந்தப் பிரிவினைக்குச் சாட்சி சொல்கிறது. பீட்ரூட், தண்டுக்கீரை, காகிதப்பூ ஆகியவற்றின் சிவப்பு பீட்டாலெய்ன் என்ற நிறமியால் வருவது. கார்னேஷன் குடும்பம் இவற்றுக்கு நெருங்கிய சொந்தம் என்றாலும், அதன் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின். எனக்கு இது மிகப் பிடித்த செய்தி. கண்ணை ஏமாற்றுகிற இரண்டு குடும்பங்களைச் சாயம் பிரித்துக் காட்டுகிறது.

பெயரை உறுதிசெய்ய ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நாம் தொலைவு போக வேண்டியதில்லை. திருச்சி தூய வளனார் கல்லூரியில் மேத்யூ அடிகளார் 1967இல் நிறுவிய ராபினட் ஹெர்பேரியம் என்ற உலர்மாதிரிக் காப்பகம் இருக்கிறது. அவர் 1980களில் வெளியிட்ட தமிழ்நாடு கர்நாட்டிக் தாவரத் தொகுதிகள் இந்தப் பகுதிக்கு இன்றும் முதல் துணை. தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சைமலைப் பக்கத்துப் பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல். இன்றைய அரியலூர் மாவட்டம் அமைந்தது 2007இல். 1995க்கு முந்தைய உலர்மாதிரிச் சீட்டுகளில் இவ்விரு பகுதிகளும் திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்றே இருக்கும். பெரம்பலூர் என்று தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால், செடி இங்கே இல்லை என்று பொருளாகாது.

பச்சைமலைக்குப் போகிறவர்களிடமும், அரியலூர்ப் பக்கத்து முந்திரிக்காட்டுச் செம்மண்ணில் நடக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் செடியைப் பறிக்காதீர்கள். மேலிருந்து எடுத்த ஒரு படம் எதற்கும் உதவாது. கணுவை நெருக்கத்தில் ஒன்று, பூக்கொத்தைப் பக்கவாட்டில் ஒன்று, வெடித்த காயை ஒன்று என எடுங்கள். தேதியையும் ஊர்ப் பெயரையும் மண்ணின் தன்மையையும் அன்றைக்கே குறித்து வையுங்கள்.