பொய் மீன்

முள்ளில் மண்புழுவைக் கோத்துக்கொண்டு, மிதக்கும் தக்கையையே பார்த்தபடி கண்மாய்க் கரையில் பிள்ளைப் பிராயத்தைக் கழித்தவன் நான். தூண்டில் போடுவதில் எனக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற கர்வம் அறுபது வயதுக்குப் பிறகும் என்னை விடவில்லை. சென்ற ஐப்பசியில் கெங்குவார்பட்டியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் மகன் அதைப் போக்கினான்.

மலையடிவாரத்து ஊர் அது. தலையாற்று அருவியாக விழுகிற தண்ணீர் மஞ்சளாறாக இறங்கி, 57 அடி அணையில் தேங்கி, பிறகு வைகையைத் தேடிப் போகிறது. நாங்கள் போனது அணைக்கு அல்ல; பக்கத்திலுள்ள ஒரு கண்மாய்க்கு. மீன்பாசி ஏலம் எடுத்தவரிடம் கேட்டுக்கொண்டுதான் போனோம். மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கிக் கிடந்தது.

மருமகன் பையிலிருந்து ஒரு பொய் மீனை எடுத்தான். விரல் நீளம், தட்டையான உடம்பு, வயிற்றிலும் வாலிலும் மும்முனை முட்கள். உள்ளே குண்டுகள் கிலுகிலுத்தன. தங்கூசி நரம்பைக் கட்டும் வளையம் வாயில் இல்லை, முதுகில் இருந்தது.

"அங்கேதான் மாமா சூட்சுமம். இழுத்தா தலை கவிழ்ந்து உடம்பெல்லாம் நடுங்கும். கலங்கல்ல மீனுக்குக் கண்ணு தெரியாட்டியும் அந்த நடுக்கம் தெரியும்" என்றான்.

வாஸ்தவம்தான். மீனின் இரு விலாவிலும் ஓடுகிற பக்கக்கோடு தண்ணீரின் அதிர்வை உணரும் உறுப்பு. இந்தப் பொய் பேசுவது கண்ணோடு அல்ல, அந்தக் கோட்டோடு.

"போட்டதும் இழுக்காதீங்க. எண்ணுங்க" என்றான். தானே மூழ்குகிற பொருள் அது. எட்டு எண்ணும்போது நரம்பு தொய்ந்தது; தரை தட்டிவிட்டது. அடுத்த முறை ஆறிலேயே இழுக்கத் தொடங்கினால் பாசியில் சிக்காது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழியை இப்படி எண்கணிதமாக்கி வைத்திருக்கிறார்கள்! கோலின் நுனியை மெல்லத் தூக்க வேண்டும். பிறகு தாழ்த்தி, பொய் மீனை விழவிட வேண்டும். விழும்போது நரம்பை அடியோடு தளர்த்திவிடக் கூடாது. பெரும்பாலும் மீன் அடிப்பது அந்த விழுகையில்தான். நரம்பு தொய்ந்திருந்தால் அடித்ததே நம் கைக்குத் தெரியாது.

ஒரு மணி நேரம் ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போது மருமகன் என் தோளைத் தொட்டு, சம்பங்கோரை ஓரத்தைக் காட்டினான். அங்கே மட்டும் தூறல் விழுவதுபோல் நீர்ப்பரப்பு துடித்தது. கூர்ந்து பார்த்தால் செந்நிறமாய் நூற்றுக்கணக்கான குஞ்சுகள். மூச்சுக்கு மேலே வருவதும் இறங்குவதுமாக இருந்தன.

"அதைத் தாண்டிப் போட்டு, பக்கத்துல இழுங்க. உடனே அடிக்கும்."

போட்டேன். மூன்று எண்ணுவதற்குள் கோல் வில்லாக வளைந்தது. கரைக்கு வந்தது முழ நீள விரால். எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். ஆனால் குறட்டால் முள்ளைக் கழற்றும்போதுதான் உறைத்தது: இது பசித்து வந்த மீன் அல்ல. முட்டையிட்ட நாள் முதல் குஞ்சுகளைக் காவல் காப்பது விராலின் சுபாவம். நெருங்குவது எதுவானாலும் பாய்ந்து விரட்டும். இரை என்று எண்ணி இது கடிக்கவில்லை. எதிரி என்று எண்ணிக் கடித்தது.

மீனைத் தண்ணீரில் விட்டேன். மருமகனுக்குக் கோபம்.

"வீட்டுல மீன் குழம்பு சாப்பிடுறீங்க. பசியைக் காட்டி ஏமாத்தினா சரி, பிள்ளைப் பாசத்தைக் காட்டி ஏமாத்தினா தப்பா? மீனுக்கு ரெண்டும் சாவுதானே?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. மீனுக்கு இரண்டும் சாவுதான். காவல் போனால் குஞ்சுகளையும் மற்ற மீன்கள் தின்றுவிடும் என்று பதில் சொன்னேன். அது சரியான பதில்தான். ஆனால் முழுப் பதில் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. குஞ்சுகளே இல்லாதிருந்தாலும் என் கை கூசியிருக்கும். ஏன்?

பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று ஒருவன் ஏமாற்றுகிறான். உங்கள் மகன் விபத்தில் அடிபட்டுக் கிடக்கிறான், உடனே பணம் அனுப்புங்கள் என்று நள்ளிரவில் தொலைபேசியில் அழைத்து இன்னொருவன் ஏமாற்றுகிறான். போன பணம் ஒரே தொகையாக இருக்கலாம். ஆனால் முதலாமவனிடம் ஏமாந்தவன் தன் ஆசையை நொந்துகொள்கிறான். அதனால் அவனுக்கு ஒரு பாடமாவது மிஞ்சுகிறது. இரண்டாமவனிடம் ஏமாந்த தகப்பன் எதை நொந்துகொள்வான்? தன் அன்பையா? மறுபடி அப்படி ஓர் அழைப்பு வரும்போது, மெய்யாகவே மகன் அடிபட்டிருந்தாலும், அவன் ஒரு கணம் தயங்குவான். அந்த ஒரு கணத்தைத்தான் அந்தப் பாவி திருடிக்கொண்டு போனான்.

விரால் அப்படியெல்லாம் யோசிக்காது என்பது எனக்கும் தெரியும். யோசிக்க வேண்டியவன் கரையில் நிற்பவன். எந்த நரம்பைத் தொட்டால் ஒரு ஜீவன் துடிக்கும் என்று கற்றுக்கொண்டவனுக்கு, எதைத் தொடக்கூடாது என்ற கணக்கும் வேண்டும். அது இல்லாத வித்தை, தூண்டிலில் பழகி மனிதர்களிடம் வந்து நிற்கும்.

பொழுது சாய்ந்து புறப்பட்டோம். மருமகன் என்னோடு பேசவில்லை. ஆனால் கடைசியாக ஒரு முறை வீசியபோது, அவன் கோரை ஓரத்தை விட்டுத் தள்ளி, ஆழத்தில்தான் போட்டான். ஆறு வரை எண்ணுவது என் காதில் விழுந்தது.