செய்வது பாதி, சொல்வது மீதி

தனியாக ஆப் உருவாக்குகிறவர்களிடம் பேசினால் ஒரு வரியை அடிக்கடி கேட்கலாம்: “கோடிங் எவ்வளவு வேணும்னாலும் பண்ணிடுவேன் சார், மார்க்கெட்டிங்தான் நமக்கு வராது.” இதைச் சொல்லும்போது குரலில் லேசாகப் பெருமையும் தொனிக்கும். செய்வது உயர்ந்த வேலை, விற்பது அதற்கு ஒரு படி கீழே என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப் போயிருக்கிறது. பொருள் நன்றாக இருந்தால் ஆட்கள் தேடி வருவார்கள் என்ற நம்பிக்கையும் கூடவே இருக்கிறது. வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர்களுக்கான ஒரு கணக்கு ஆப்பைத் தனி ஆளாக நடத்திவருகிறவன் நான். என் வழக்கு இந்த எண்ணத்தோடுதான்.

2008 ஜூலையில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தபோது அங்கே இருந்தவை சுமார் 500 ஆப்கள். அன்றைக்குக் கடைக்கு வந்தவர் கண்ணில் படுவது எளிது. இன்று அங்கேயும் கூகுள் ப்ளேயிலும் தனித்தனியே பத்து லட்சத்துக்கும் மேல் குவிந்து கிடக்கின்றன. உள்ளே நுழையக் கூகுளுக்கு ஒரே முறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்டினால் போதும். நுழைந்த பிறகு நம்மை யார் தேடப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

“விளம்பரமே இல்லாமல் ஃப்ளாப்பி பேர்ட் ஜெயிக்கவில்லையா?” என்பார்கள். வியட்நாமைச் சேர்ந்த டோங் நுயென் 2013 மே மாதம் வெளியிட்ட விளையாட்டு அது. பல மாதங்கள் யாரும் சீந்தவில்லை. 2014 தொடக்கத்தில் திடீரென்று உலகமெங்கும் பரவியது. விளம்பரங்களிலிருந்து நாளொன்றுக்கு 50,000 டாலர் வருவதாக அவரே சொன்னார். அந்தப் பிப்ரவரியிலேயே, அது ஆட்களை அடிமையாக்குகிறது என்று சொல்லி ஸ்டோரிலிருந்து எடுத்தும்விட்டார். அந்த முடிவிலிருந்து கற்க நிறைய இருக்கிறது. ஆனால் அந்த வெற்றியை நம்பி யாரும் வேலையை விடக் கூடாது.

அதே பிப்ரவரியில் த்ரீஸ் என்ற எண் விளையாட்டு வந்தது. ஒரு சின்னக் குழு 14 மாதங்கள் உழைத்துச் செதுக்கியது. அடுத்த மாதமே இத்தாலியில் 19 வயது காப்ரியேலே சிருல்லி, த்ரீஸின் வழிவந்த நகல்களைப் பார்த்து 2048 விளையாட்டை ஒரு வாரக் கடைசியில் எழுதி இலவசமாக வெளியிட்டார். உலகம் அதைத்தான் விளையாடியது. கடைசியில், த்ரீஸ்தான் 2048இன் நகல் என்று சிலர் சொல்லும் நிலை வந்தது. ஐடியாவையும் கோடையும் யாரும் நகலெடுத்துவிடலாம். பயன்படுத்துகிறவர் நம்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையை நகலெடுக்க வழியில்லை. மார்க்கெட்டிங் என்று நான் சொல்வது அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்கிற வேலையை.

கூகுள் ப்ளேயில் ஒரு ஆப்பின் சுருக்கக் குறிப்புக்கு 80 எழுத்துகள்தான் இடம். தமிழில் ‘கி’, ‘கூ’ போன்ற ஒவ்வொன்றும் ஒருங்குறியில் இரண்டாகக் கணக்காவதால், இடம் இன்னும் சுருங்கும். ‘இந்தியாவின் நம்பர் ஒன் பால் ஆப்’ என்று போட்டால் அடங்கிவிடும். ஆனால் அது பொய். நான் எழுதியது: ‘யார் வீட்டுக்கு எத்தனை லிட்டர், எவ்வளவு பாக்கி, நெட் இல்லாமலும் பார்க்கலாம்’.

இந்த வரியைக் கொடுத்தவர் ஒரு பால்காரர். விடியற்காலை ஐந்து மணிக்கு அவரோடு தெருத்தெருவாகப் போனேன். சிக்னல் எட்டாத ஒரு சந்தில் வண்டியை நிறுத்தி, போனைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். “கை ஈரமா இருக்கு தம்பி, இந்தச் சின்ன பட்டன் அமுங்கவே மாட்டேங்குது. பெருசா வைங்க. மாசக் கடைசில பாக்கி எவ்ளோன்னு வாக்குவாதம் வராம இருந்தா, அது போதும் எனக்கு” என்றார். பட்டன் பெரிதானது. நெட் இல்லாமல் கணக்குப் பார்க்கும் வசதி வந்தது. அவர் பால் சொசைட்டியில் நாலு பேரிடம் எடுத்துச் சொன்னார். பெரிய நிறுவனங்கள் விளம்பரத்துக்குக் கொட்டும் பணம் நம்மிடம் இல்லை. அவர்களால் போக முடியாத சந்துக்கு நம்மால் போக முடியும்.

குறுக்கு வழிகளும் உண்டு. இத்தனை ஆயிரம் ரிவ்யூவுக்கு இத்தனை ரூபாய் என்று மின்னஞ்சல்கள் வந்தபடியே இருக்கின்றன. ஐந்து நட்சத்திரம் தருகிறவரை மட்டும் ஸ்டோருக்கு அனுப்பி, குறை சொல்கிறவரை வேறு பக்கம் திருப்பிவிடும் உத்தியும் இருக்கிறது. ரேட்டிங் கேட்கும் பெட்டியை ஒரு ஆப் ஒருவருக்கு ஆண்டில் மூன்று முறைக்கு மேல் காட்ட ஆப்பிள் விடுவதில்லை என்பதிலிருந்தே, ரேட்டிங் கேட்டு நச்சரிக்கும் தொல்லை எவ்வளவு பெரியது என்று புரியும். பால் ஊற்றுகிற நேரத்தில் என் ஆப் ரேட்டிங் கேட்காது. மாதக் கணக்கு முடிந்து, வேலை ஓய்ந்த பிறகுதான் கேட்கும். இன்னொருவர் நேரத்தை மதிப்பதும் தொழில் நேர்மைதான்.

தனியாகத் தொழில் செய்வதன் சுதந்திரம், மேலதிகாரி இல்லை என்பதோடு முடிவதில்லை. யாருக்காக உழைக்கிறோம், அவரிடம் என்ன சொல்கிறோம் என்பதை நாமே தீர்மானிக்கிறோம். அந்தப் பொறுப்பு பிடிக்காதவருக்குச் சம்பள வேலையே நல்லது.

ஆப் செய்கிறவர்களுக்கு: அடுத்த வசதியை எழுதுவதற்கு முன், இருப்பதைப் பயன்படுத்துகிறவர் பக்கத்தில் ஒரு காலைப்பொழுது நில்லுங்கள். பயன்படுத்துகிறவர்களுக்கு: உங்கள் போனில் தினமும் உதவும் ஒரு சிறிய ஆப்பைத் தனி ஆள் யாராவது செய்திருந்தால், அதில் பிடித்ததையும் குறையையும் இன்றே இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அவர் அதைக் கட்டாயம் படிப்பார்.