பெயரும் சமர்ப்பணமும்

ஜூடி சிகாகோ என்ற ஓவியர், பல பெண்களின் தையல் திறனையும் மண்பாண்டத் திறனையும் துணைகொண்டு ஆக்கிய 'இரவு விருந்து' என்ற கலைப்படைப்பு 1979-இல் சான் பிரான்சிஸ்கோவில் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தபோது, முக்கோணமான அதன் பெருமேசையில் 39 பேருக்கு இடம் இடப்பட்டிருந்தது. கீழே தரையில் மேலும் 999 பெண்களின் பெயர்கள் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தன. ஜார்ஜியா ஓகீப் என்ற ஓவியருக்கு இடம் தந்த அதே பந்தியில் நம் காளிதேவிக்கும் ஓர் ஆசனம் உண்டு.

தோட்டந்தோறும் அம்மனுக்குக் கோயில் எடுத்த, மலேசியாவின் ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்தாருக்குக் காளியை அமர்த்துவது புதிதன்று. மானிடப் பெண்ணை அவளுடைய கலைக்காக அமர்த்துவதில்தான் நம் மனம் தயங்குகிறது. இறைவனுக்குச் சமர்ப்பணமான கலையில் 'நான்' என்பது கரைய வேண்டாமா, பெயரை நிறுத்துவது அகங்காரத்தை வளர்ப்பதாகாதா என்று பக்தர்களே கேட்பார்கள்.

பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு முன் இருட்டில் எழுந்து, லயத்து வாசலைத் தெளித்துப் புள்ளி வைத்து, இழை எங்கும் அறாமல் சிக்குக்கோலத்தை முடித்துவிட்டுப் பால்வாளியோடு ரப்பர் மரம் வெட்டப் போன தோட்டத்துப் பெண், பகலுக்குள் அது மிதிபட்டு அழியும் என்று அறிந்தேதான் போட்டாள். அந்தப் பற்றின்மை அவளுடைய தவம். அவள் துறந்துவிட்டாள் என்பதையே காரணமாக்கி நாம் அவளை மறக்கலாம் என்று எந்தச் சாஸ்திரம் சொல்கிறது? கோயிலுக்கு விளக்கு வாங்கித் தந்தவர் பெயரை அந்த விளக்கின் மேலேயே 'உபயம்' என்று எழுதுகிறோம், நல்ல வழக்கம்தான். கோயில் வாசலில் கோலமிட்டவளும் உபயகாரியே என்பதுதான் என் கட்சி.

சமர்ப்பணத்துக்கும் பெயருக்கும் பகையில்லை என்பதற்குத் தஞ்சையிலேயே சான்று இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை மன்னர் பிரதாபசிம்மரின் அவையிலிருந்த கவிஞர் முத்துப்பழனி, ராதையையும் கண்ணனையும் பற்றித் தெலுங்கில் பாடிய 'ராதிகா சாந்த்வனமு' என்னும் காவியத்தின் முகப்பில், தன் கலை மரபைப் பாட்டி வழியாகவும் அத்தை வழியாகவும் சொல்லிக்கொள்கிறாள். பிற்காலத்தில் அச்சிட்டவர்கள் அந்த முகப்பையே வெட்டிவிட்டார்கள். அதைச் சுவடியில் தேடிக் கண்டு, 1910-இல் முழுமையாக வெளியிட்டவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். இதை எழுதியவள் ஒரு பெண், அதிலும் தம் தேவதாசிக் குலத்தவள் என்பதைக் காரணமாகக் கூறியே வெளியிட்டார். ஆபாசம் என்று பழி எழுந்தது. அரசாங்கம் நூலைத் தடுத்தது. ஆயினும் அவருடைய பக்தியை யார் குறைசொல்ல முடியும்? தம் பொருளைச் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிக் கும்பாபிஷேகம் செய்வித்தவர், அங்கே பெண்கள் பாட இடமில்லை என்றபோது பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தியவர் அவரே. 1947-இல் முத்துப்பழனியின் நூல் மீதான தடை நீங்கியபோது, அதைக் காண நாகரத்தினம்மாள் உயிரோடு இருந்தார்.