ஜீன்ஸ் காலில் ஒரு பை

2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்ததும் பலரும் புதுத் துணிப்பை வாங்கினோம். ஆனால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பையைப் புவிவெப்பக் கணக்கில் பருத்திப் பை முந்த, 131 முறையாவது அது கடைக்குப் போய்வர வேண்டும் என்றது 2011இல் வெளியான பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் ஆய்வு.

பரணில் கிடக்கும் பழைய ஜீன்ஸுக்கு அந்தக் கடன் இல்லை. முழங்கால்தான் நைந்திருக்கும், தொடைப்பகுதி கெட்டி. அதை வெட்டி, உள்புறம் திருப்பி, அடியில் இரட்டைத் தையல் போடுங்கள். பக்கத் தையல் ஏற்கெனவே இருக்கிறது, பாதி வேலை மிச்சம்! இடுப்புப் பட்டியே கைப்பிடி. பாரமெல்லாம் அது பையோடு சேரும் இடத்தில்தான் இழுக்கும். அங்கே சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறிபோல் ஒரு தையல் ஓட்டுங்கள்.

தைத்ததை அலமாரியில் மடித்து வைக்காதீர்கள். வண்டிச் சாவியோடு மாட்டிவையுங்கள்.