மஞ்சள் விளக்கு

மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவரின் எதிரே சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் தர்க்கம் செய்வதில்லை. எண்ணெய் அழுத்தம் குறைந்திருக்கும். அல்லது எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும். உடனே நிறுத்திவிடுகிறோம். எஞ்சின் உருவம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தாலோ, "வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது!" என்று வாரக்கணக்கில் ஓட்டுகிறோம்.

ஏன் இந்த வேறுபாடு? சிவப்பு விளக்கு நம் பணத்துக்காக எரிகிறது. மஞ்சள் விளக்கோ பெரும்பாலும் பிறர் மூச்சுக்காக எரிகிறது.

அது பிறந்த கதையே அதற்குச் சான்று. புகைமூட்டத்தால் அவதிப்பட்ட கலிபோர்னியா மாநிலந்தான், 1988 மாடல் வண்டிகளிலிருந்து இதைக் கட்டாயமாக்கத் தொடங்கியது. 1996 முதல் அமெரிக்கா முழுவதும் புதுக் கார்களுக்கு இன்னும் கடுமையான விதி வந்தது. நச்சுப்புகை அளவு மீறும்படி ஏதேனும் பழுதானால் வண்டியே சொல்லிவிட வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். இந்தியாவிலும் பின்னர் இம்முறை வந்தது.

பழுது அற்பமாகவும் இருக்கலாம். பெட்ரோல் டாங்கின் மூடியைச் சரியாகத் திருகாவிட்டாலும் விளக்கு எரியும். இறுக்கி மூடிச் சில நாள் ஓட்டினால் தானே அணையும். விளக்கு கண் சிமிட்டினால் சங்கதி வேறு. எரியாத பெட்ரோல் வெளியேறி, புகையைச் சுத்திகரிக்கும் சாதனத்தைச் சூடேற்றிக் கெடுக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, பத்திரமான இடத்தில் நிறுத்திவிடுவதே விவேகம். சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருந்தால் மெக்கானிக் கருவியை மாட்டி அதன் குறியீட்டைப் படிப்பார். குறியீடு வெறும் துப்புத்தான், தீர்ப்பு அன்று. அதை வைத்துக்கொண்டு பழுதைத் தேட வேண்டும்.

தேடாமல் அழிப்பதற்கும் வழி உண்டு. அதே கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் விளக்கு அணைந்துவிடும். பழுது அணைவதில்லை. அழிக்கும்போது வண்டி தன்னைத்தானே சோதித்துவைத்த கணக்கும் சேர்ந்து அழிந்துபோகிறது. பரிசோதகர் அந்த வெற்றிடத்தைக் கண்டே, அண்மையில் ஏதோ துடைக்கப்பட்டிருக்கிறது என்று ஊகித்துவிடுவார்!

தனி மனிதர்தான் இப்படி என்பதில்லை. உலகெங்கும் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் டீசல் வண்டிகளில் சோதனையை ஏமாற்றும் ஏற்பாடு இருந்ததை வோக்ஸ்வாகன் நிறுவனம் 2015இல் ஒப்புக்கொண்டது. சோதனைச் சாலையில் அவை நல்ல பிள்ளைகள். தெருவிலோ, அமெரிக்கச் சட்ட வரம்பைப் போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்ஸைடுகளைக் கக்கின. ஓட்டியவர்களுக்கு எந்த விளக்கும் அதைச் சொல்லவில்லை.

வாடகைக் கார் ஓட்டுபவருக்கு ஒரு நாள் பட்டறையில் நின்றால் ஒரு நாள் வருமானம் போய்விடும். அவர் தயங்குவதை நான் குறை கூறமாட்டேன். வசதியிருந்தும் தள்ளிப்போடுகிறவர்களைத்தான் கேட்கிறேன். வண்டி முன்னே போகிறது. புகை பின்னே தங்குகிறது. அதைச் சுவாசிக்கும் சைக்கிள்காரரையும் நடைபாதைப் பூக்காரியையும் நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்கள் நம் காதருகே வந்து முறையிட முடியாது. அவர்களுக்காகப் பேச நம் முன்னால் இருப்பது அந்தச் சின்ன விளக்கு ஒன்றுதான்.