ஒரு சொல்மேல் ஏற்றிய பழி

பெருங்கொடுமை ஒன்று நிகழ்ந்தவுடன் மனித உள்ளம் முதலில் கேட்கும் வினா "ஏன்?" என்பதாகும். அழுகை ஓயுமுன்பே அவ்வினா எழுந்துவிடுகிறது. காரணம் தெரியாத துயரைத் தாங்குவது அரிது. ஆகவே, எவ்விடை கிடைப்பினும் போதுமென்று நாம் அதனைப் பற்றிக்கொள்கிறோம். அவ்விடை மெய்யா என்று ஆராய்வதற்குள் அது ஊரெங்கும் பரவிவிடுகிறது. யாருடைய தலையில் அது போய் விழுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

2012 டிசம்பர் 14 அன்று, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நியூடவுன் என்னும் சிற்றூரில், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளிக்குள் 20 வயது இளைஞன் ஒருவன் துப்பாக்கியுடன் புகுந்தான். ஆறும் ஏழும் வயதான குழந்தைகள் 20 பேரும், பள்ளியில் பணிபுரிந்த பெரியவர்கள் 6 பேரும் அவனால் மாண்டனர். பள்ளிக்கு வருமுன் தன்னைப் பெற்ற தாயையே வீட்டில் கொன்றுவிட்டு வந்திருந்தான். இறுதியில் தன்னையும் சுட்டுக்கொண்டான்.

அவனுக்கு ஆட்டிசம் வகையைச் சேர்ந்த ஆஸ்பெர்கர் என்னும் குறைபாடு இருந்ததென்ற செய்தி விரைவிலேயே பரவியது. உலகம் ஏங்கிக் காத்திருந்த விடை கிடைத்துவிட்டதாகப் பலர் கருதினர். அவ்வாண்டில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட கணக்கின்படி, எட்டு வயதுக் குழந்தைகளில் 88 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உடையவர். அத்தனை குழந்தைகளைப் பெற்றோரும் ஒரே நாளில் இரண்டு துயரங்களைச் சுமந்தனர். மாண்ட மழலைகளுக்காக அழுதனர். நாளை தம் பிள்ளையை அண்டை வீட்டார் எந்தக் கண்ணால் காண்பார்களோ என்றும் அஞ்சினர்.

இங்கே பலர் அறியாத ஒன்றுண்டு. அன்று உயிரிழந்த 20 குழந்தைகளுள் இருவர் ஆட்டிசம் உடையவர்கள். அவர்களுள் ஒரு சிறுவனைத் தன் கைகளால் அணைத்தபடியே, அவனுக்குத் துணையாயிருந்த பள்ளி உதவியாளரான பெண்மணியும் உயிர் நீத்தார். ஆக, ஆட்டிசம் என்ற சொல் கொன்றவன் பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை; கொல்லப்பட்டவர் பக்கத்திலும் இருந்தது. எனினும் கொன்றவனோடு சேர்த்தே உலகம் அதனை உரக்கச் சொல்லியது. மாண்ட மழலைகளோடு சேர்த்துச் சொன்னவர் மிகச் சிலர். இந்த ஓரவஞ்சனைக்கு என்ன பெயரிடுவது?

ஆட்டிசம் என்பது பிறவி தொட்டு மூளை வளரும் முறையில் அமைந்த வேறுபாடு. பிறர் முகக்குறிப்பை உணர்வதும், பேச்சைத் தொடுப்பதும் அத்தகையோர்க்கு அரிதாகலாம். பேரொலியும் கூசும் ஒளியும் அவர்களைத் துன்புறுத்தலாம். தாங்கவியலாத நெருக்கடியில் சிலர் அலறுவதும், கைக்கெட்டியவரை அடிப்பதும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், நெடுநாள் நினைந்து, கருவி திரட்டி, இடந்தேர்ந்து செய்யும் கொலைக்கும் அந்த அலறலுக்கும் யாதொரு உறவும் இல்லை. மனநோயாளர் செய்தியும் இத்தகையதே. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எவரையும் துன்புறுத்துவதில்லை. பிறரால் துன்புறுத்தப்படுவோரே மிகுதி.

அங்ஙனமாயின் கொலையாளியின் மனநிலையை ஆராயவே கூடாதா என்று கேட்கலாம். ஆராயத்தான் வேண்டும். கனெக்டிகட் மாநிலத்தின் குழந்தைகள் நலப் பாதுகாப்பு அலுவலகம் 2014 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை அப்பணியைப் பொறுமையோடு செய்தது. ஆட்டிசமோ பிற மனநலக் குறைகளோ அக்கொலைகளுக்குக் காரணமல்ல என்று அது தெளிவுபடுத்தியது. அதே அறிக்கை, அவனுடைய கடும் மனப்பதற்றத்துக்குத் தக்க மருத்துவம் தொடர்ந்து அளிக்கப்படாததையும், அவன் அறைக்குள் முடங்கிப் போனதையும், படுகொலைச் செய்திகளிலேயே மூழ்கிக் கிடந்ததையும், கொடிய துப்பாக்கிகள் வீட்டிலேயே அவன் கைக்கெட்டும் நிலையில் இருந்ததையும் எடுத்துக் காட்டியது. ஒற்றைச் சொல்லில் அடங்காத விடை அது. ஆகவேதான் அதைக் கேட்கும் பொறுமை பலருக்கு இல்லை.

குறைபாட்டின் பெயர் நமக்கு ஏன் இத்துணை இனிக்கிறது? அது நமக்கும் கொடுமைக்கும் இடையே ஒரு சுவர் எழுப்பித் தருகிறது. "அவன் வேறு இனம்; நாம் வேறு" என்று நிம்மதி கொள்கிறோம். ஒருவன் செய்த குற்றத்திற்கு அவன் சார்ந்த கூட்டத்தையே கூண்டிலேற்றும் வழக்கம் எத்துணைக் கொடிதென்பதை நம் சமுதாயத்தவர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. நாம் பட்ட புண்ணைப் பிறர்மேல் நாமே படுத்தலாமா?

அச்சம் வெறும் எண்ணமாக நிற்பதில்லை. ஒருநாள் அது செயலாகும். 2016 ஜூலையில், ஃபுளோரிடா மாநிலத்து வடக்கு மயாமி நகரில், ஆட்டிசம் உடைய இளைஞர் ஒருவர் தாம் தங்கியிருந்த இல்லத்தை விட்டு வெளியேறித் தெருவில் அமர்ந்திருந்தார். கையில் விளையாட்டு லாரி ஒன்று. அதனைத் துப்பாக்கியெனக் கருதிய காவலர்கள் சூழ்ந்தனர். அவரைப் பராமரித்தவர் தரையில் மல்லாந்து படுத்து, இரு கைகளையும் உயர்த்தி, அது பொம்மை லாரிதான் என்று கூவினார். ஆயினும் குண்டு பாய்ந்தது; பராமரித்தவரின் காலைத் துளைத்தது. ஆட்டிசம் உடையவரையே தாம் குறி வைத்ததாகச் சுட்டவர் தரப்பில் விளக்கம் கூறப்பட்டது! வன்முறையாளராக எண்ணப்பட்டவரிடம் இருந்தது பொம்மை. அஞ்சியவரிடம் இருந்தது துப்பாக்கி.

அமெரிக்காவைச் சுட்டிய விரலை நம் பக்கமும் திருப்புவோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. தர்காவை நாடி உறவினர் அழைத்து வந்திருந்த மனநோயாளர்கள் அங்கே சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். அச்சங்கிலியைப் பூட்டிய கைகளுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத கைகள் எத்தனையோ இருந்தன. "பைத்தியம்" என்று சொல்லி ஒதுக்கிய ஊரும், வெளியில் தெரிந்தால் பெண்ணெடுக்க வருவாரில்லையே என்று கலங்கிய குடும்பமும் அவற்றுள் அடங்கும். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்துவிட்டது. மனத்தின் சங்கிலியை எந்தச் சட்டம் அவிழ்க்கும்?

பழிச்சொல்லால் பாதுகாப்பும் விளைவதில்லை. ஒரு நோயின் பெயர் கொலையின் மறுபெயராகிவிட்ட ஊரில், எந்தத் தாய் தன் மகனை மருத்துவரிடம் அழைத்துச் செல்வாள்? கதவை அடைத்துக்கொள்வாள். உதவி பெற்றால் தேறியிருக்கக்கூடியவன் உள்ளேயே வாடுவான். கொடுமையைத் தடுப்பதாக எண்ணி நாம் வீசும் சொல், உதவி வரும் வாசலையே அடைத்துவிடுகிறது.

எனவே, அடுத்த முறை எங்கேனும் இரத்தம் சிந்தப்பட்டு, "அவனுக்கு இன்ன குறையாம்" என்ற பேச்சு நம் செவிக்கு எட்டும்போது, அதனை அடுத்தவர்க்குச் சொல்லுமுன் சற்றே தயங்குவோம். அதே குறையுடன் நம் தெருவிலே வாழும் பிள்ளையின் முகத்தை நினைவுக்குக் கொண்டு வருவோம். அப்பிள்ளை நம் வாயிலிலிருந்து விழும் சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அதன் தாய் நிச்சயம் கேட்டுக்கொண்டிருப்பாள்.